உயிரியல் சார்ந்த நிகழ்த்துகலையில் விஞ்ஞானிக்கு என்ன வேலை?

உயிரினங்களின் உடலிலும் வாழ்விலும் நடப்பதை நடனமாகவோ நாடகமாகவோ அமைக்க, கலைஞரும் விஞ்ஞானியும் தொடக்கம் முதலே கூடி உழைப்பதுதான் இவ்வகை நிகழ்த்துகலை. அமெரிக்க நடன அமைப்பாளர் லிஸ் லெர்மன் மரபணு அறிவியலாளர்களுடன் கலந்து பேசி, 2006-இல் அத்தகைய நடனம் ஒன்றை மேடையேற்றினார்.

உயிரியலை ஆடிக் காட்டுவதற்குக் காரணம் எளிது. உயிரியலில் பெரும்பகுதி அசைவு. அசைவை வரைபடத்தைவிட உடல் நன்றாகக் காட்டும். தேனீ இருண்ட கூட்டில் செங்குத்தான அடையின்மேல் உடலை ஆட்டியபடி நேராக ஓடும்போது, அந்த ஓட்டம் மேல்நோக்கிய திசையிலிருந்து எவ்வளவு சாய்கிறதோ அவ்வளவு கோணம் சூரியன் இருக்கும் திசையிலிருந்து விலகிப் பூ இருக்கிறது என்றும், ஓட்டம் நீண்டால் தொலைவும் அதிகம் என்றும் பொருள். (இதை விளக்கிய கார்ல் ஃபான் ஃபிரிஷ் 1973-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.) காரைக்குடி மேடையில் பரதம் ஆடுபவர் இதை எடுத்தாண்டால், கோணத்தை விஞ்ஞானி சொல்வார், அதை அடவாக்குவது ஆடுபவரின் திறமை.

ஆத்தங்குடித் தரைக்கல் செய்வதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும்: கண்ணாடிமேல் அச்சு வைத்து வண்ணக் கலவையை ஊற்றும் கை கலைஞருடையதுதான், ஆனால் பின்னால் இடும் சிமெண்ட், மணல் அளவு தவறினால் பூவேலை எவ்வளவு அழகாக இருந்தாலும் கல் நிற்காது.

பாடப்புத்தகத்தைப் பாட்டாக்கி ஆடுவதே இது என்று பலர் எண்ணுகிறார்கள். அப்படியானால் விஞ்ஞானி ஒத்திகைக்கு வரவே வேண்டியதில்லை, பிழை திருத்தி அனுப்பினாலே போதும்.