பழைய முசல்லாவின் வயதை அதன் முதுகில் பாருங்கள்

கேள்வி: காயல்பட்டினத்தில் எங்கள் பூர்விக வீட்டில் ஒரு பழைய கம்பளி முசல்லா (தொழுகை விரிப்பு) இருக்கிறது. நாலடி அகலம், ஆறடி நீளம். நடுவில் சிவப்புப் பரப்பில் மிஹ்ராப் (பள்ளிவாசலில் தொழும் திசையைக் காட்டும் மாடம்) போன்ற வளைவு, இரு பக்கமும் இரட்டைத் தூண்கள், உச்சியிலிருந்து தொங்கும் விளக்கு போன்ற ஒன்று. மேல்பட்டையில் அரபி எண்களில் 1288 என்று நெய்திருக்கிறது. அப்பாவின் பாட்டனார் ஹஜ்ஜுக்குப் போனபோது வாங்கியது என்பார்கள். பழம்பொருள் வியாபாரி ஒருவர், "துருக்கி சுல்தான் அரண்மனைச் சரக்கு, எழுநூறு வருஷம் இருக்கும்" என்கிறார். நம்பலாமா? இதில் தொழலாமா, துவைக்கலாமா, விற்றால் என்ன கிடைக்கும்?

பதில்: எழுநூறு வருஷம் நிச்சயமாக இல்லை. 1288 என்பது கி.பி. அல்ல, இஸ்லாமிய நாட்காட்டியின் ஹிஜ்ரி ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டை 33-ஆல் வகுத்து, வருவதை அதே ஆண்டிலிருந்து கழித்து, 622-ஐக் கூட்டுங்கள். 1871 வரும். அப்போது மக்கா, மதீனா இருக்கும் ஹிஜாஸ் பகுதி துருக்கியின் உஸ்மானியர் ஆட்சியில் இருந்தது, அனத்தோலியாவில் (இன்றைய துருக்கியின் பெரும்பகுதி) நெய்த விரிப்புகள் அங்கே வந்திருப்பது இயல்பே. அதனால் உங்கள் குடும்பத்தில் சொல்லும் கதை வியாபாரியின் கதையைவிட நம்பும்படி இருக்கிறது. ஆனால் தேதியை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத நெசவாளர்கள் பழைய விரிப்பைப் பார்த்து, அதிலிருந்த ஆண்டையும் சேர்த்து அப்படியே நெய்ததுண்டு. அரபி 2-இல் கொக்கியை மட்டும் பிரித்துவிட்டால் அது 1 ஆகிவிடும், நூறு வருஷம் கூடிவிடும். சில வியாபாரிகள் இந்த வேலையைச் செய்திருக்கிறார்கள்.

வடிவத்தைப் பார்த்து வயது சொல்வதுதான் பெரிய ஏமாற்று. இரட்டைத் தூணும் விளக்கும் அரண்மனையில் பிறந்தவை என்பது உண்மைதான். நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில், ஜேம்ஸ் பல்லார்ட் என்ற சேகரிப்பாளர் 1922-இல் கொடுத்த ஒரு தொழுகை விரிப்பு இருக்கிறது. 16-ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் உஸ்மானிய அரசவைக்காக நெய்தது. பாவும் (நீள நூல்) ஊடையும் (குறுக்கு நூல்) பட்டு. முடிச்சுகள் கம்பளி, வெள்ளைக்கு மட்டும் பருத்தி. மூன்று வளைவுகள், அவற்றைத் தாங்கும் மெல்லிய இரட்டைத் தூண்கள், நடு வளைவில் தொங்கும் பள்ளிவாசல் விளக்கு. தூண்களின் அடியில் பட்டை தீட்டிய பீடம்கூடத் தெளிவாகத் தெரியும். வளைவுகளுக்கு மேலே சின்னச் சின்னக் குவிமாடக் கட்டடங்கள், நடுநடுவே துலிப் பூக்கள். பார்க்கும்போது ஒரு வாசலின் முன் நிற்கிற உணர்வு வரும். அந்தக் காலத்து அரசவைக் கம்பளங்களுக்குக் கெய்ரோவோடும் தொடர்பு உண்டு. 1585-இல் சுல்தான் மூன்றாம் முராத் கெய்ரோவிலிருந்து பதினொரு கம்பள உஸ்தாதுகளை (கைதேர்ந்த நெசவாளர்களை), சாயம் போட்ட கம்பளியோடு இஸ்தான்புல்லுக்கு அனுப்பச் சொல்லி ஆணையிட்டார்.

இந்த மாதிரியை அனத்தோலிய ஊர்த் தறிகள் எடுத்துக்கொண்டன. லாதிக், கோர்தெஸ், கூலா என்று ஊர் ஊராக, தலைமுறை தலைமுறையாக நெய்தார்கள். நெய்ய நெய்ய, தூண் கட்டடத்தை மறந்தது. முதலில் பீடம் போனது. அப்புறம் தூண்கள் தரையைத் தொடாமல் அந்தரத்தில் நின்றன. பிறகு வெறும் பூப்பட்டைகள் ஆயின. விளக்கு பூங்கொத்தாயிற்று, சிலவற்றில் ஒளு (தொழுகைக்கு முன் கைகால் கழுவுதல்) செய்யும் கெண்டியாயிற்று. இதைச் சிலர் கலை சீரழிந்த கதையாகச் சொல்வார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. லாதிக் விரிப்பில் மிஹ்ராபுக்குக் கீழேயோ மேலேயோ நீண்ட தண்டோடு வரிசையாக நிற்கும் துலிப் பூக்களைப் பாருங்கள். அரண்மனை வரைபடத்தை அந்த ஊர்ப் பெண்கள் தங்களுடையதாக்கிக்கொண்ட துணிச்சல் அதில் இருக்கிறது.

அதனால் உங்கள் விரிப்பின் தூண்களைக் கவனித்துப் பாருங்கள். பீடத்தில் நிற்கின்றனவா, மிதக்கின்றனவா? "விளக்கு போன்ற ஒன்று" என்று நீங்களே தயங்கி எழுதியிருப்பதால், அது 19-ஆம் நூற்றாண்டு கோர்தெஸ் பாணி விரிப்பாக இருக்கலாம் என்று ஊகிக்கிறேன். ஆனால் கோர்தெஸ் மாதிரியை 19-ஆம் நூற்றாண்டின் கடைசியிலும் 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கைசேரி, பந்தர்மா போன்ற ஊர்களில் சந்தைக்காக நிறைய நெய்தார்கள். அவற்றில் சில பட்டுபோல மினுக்கும் பதப்படுத்திய பருத்தியில் இருக்கும். ஆக, வடிவம் வம்சத்தைச் சொல்லும், வயதைச் சொல்லாது.

வயதுக்கு முதுகைப் பார்க்க வேண்டும். பகல் வெளிச்சத்தில் விரிப்பைத் திருப்பிப் போடுங்கள். கை நெசவானால் முன்பக்கத்து வடிவம் பின்னாலும் கிட்டத்தட்ட அதே தெளிவோடு இருக்கும், முடிச்சுகள் வரிசை வரிசையாகத் தெரியும், வரிசைகள் கொஞ்சம் ஏறி இறங்கும். இரு முனைக் குஞ்சமும் பாவு நூலின் தொடர்ச்சியாக இருக்கும். குஞ்சம் தனியாகத் தைத்திருந்து, பின்பக்கம் முடிச்சே தெரியாமல் ஒரே சீராக இருந்தால், அது பெரும்பாலும் இயந்திரச் சரக்கு. பழைய விரிப்பில் முனை கிழிந்துபோய் யாராவது புதுக் குஞ்சம் தைத்திருக்கவும் கூடும், எனவே இரண்டையும் சேர்த்தே பாருங்கள்.

பிறகு, முன்பக்கத்தில் விரலால் முடிச்சுகளை விலக்கி அடிவரை பாருங்கள். செடிச் சாயங்களான மஞ்சிட்டிச் சிவப்பும் அவுரி நீலமும் நுனியிலிருந்து அடிவரை மெல்ல மெல்லத்தான் மாறும். நுனி சாம்பலாகவும் அடி பளீர் ஊதாவாகவும் இருந்தால் அது ஆரம்பகாலச் செயற்கைச் சாயம். முதல் செயற்கைச் சாயம் 1856-இல் வந்தது, சில ஆண்டுகளில் ஃபூக்ஸின் என்ற கருஞ்சிவப்பும் வந்தது. ஆகவே 1871-இல் நெய்த விரிப்பில் அப்படி ஒரு ஊதா இருப்பது முடியாத காரியமல்ல. ஆனால் கண்ணைப் பறிக்கும் ஆரஞ்சு நிறம் இருந்து, ஈரமான வெள்ளைப் பருத்தித் துணியை லேசாக ஒற்றினால் நிறம் ஏறினால், அது 1880-களுக்குப் பிறகு பரவிய சாயமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். அப்போது 1288 என்ற தேதியைச் சந்தேகியுங்கள். இந்தச் சோதனையை ஓரத்தில் ஒரு சின்ன இடத்தில் மட்டும் செய்தால் போதும்.

கரும்பழுப்பு நிறப் பகுதிகளையும் தடவிப் பாருங்கள். அந்த நிறத்துக்கு இரும்பு கலந்த பொருளைச் சேர்ப்பார்கள், அது காலப்போக்கில் கம்பளியை அரித்துவிடும். நிஜமான பழைய விரிப்பில் கறுப்புக் கோடுகள் மட்டும் பள்ளமாக இருக்கும். தேய்மானமும் பேசும். கால் வைக்கும் இடம், முட்டி, நெற்றி படும் இடம் ஆகியவை முதலில் தேயும். எல்லா இடமும் ஒரே அளவாகத் தேய்ந்திருந்தால் யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்று பொருள். ருமேனியாவில் தியோதோர் துதுக் என்பவர் 20-ஆம் நூற்றாண்டில் பழைய துருக்கி விரிப்புகளைப் போலி செய்து பெரிய அருங்காட்சியகங்களையே ஏமாற்றினார். அவருக்கு நல்ல மாதிரிகள் பக்கத்திலேயே இருந்தன. இன்று ருமேனியாவில் இருக்கும் டிரான்சில்வேனியாவின் ஜெர்மன் கிறிஸ்தவர்கள் உஸ்மானிய விரிப்புகளை வாங்கித் தேவாலயங்களுக்குக் காணிக்கையாகக் கொடுத்தார்கள், பிராஷோவ் நகரின் கருப்புத் தேவாலயத்தில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்டவை இன்றும் இருக்கின்றன. மிஹ்ராப் போட்ட விரிப்புகள் இப்படி வெளியே போவதை உஸ்மானிய அரசு விரும்பவில்லை. 1610-இல் அனத்தோலியாவின் கூத்தாஹ்யா ஊருக்கு ஓர் ஆணை போயிற்று: பிற மதத்தாருக்கு விற்கும் விரிப்புகளில் மிஹ்ராப், கஅபா உருவங்களையும் எழுத்துகளையும் நெய்யக் கூடாது.

கார்பன் சோதனை செய்யலாமா என்று யாராவது சொன்னால் பணத்தை வீணாக்காதீர்கள். ஏறத்தாழ 1650-க்குப் பிந்தைய பொருள்களுக்கு அது தெளிவான விடை தராது. சாயத்தை ஆய்வுக்கூடத்தில் பகுத்துப் பார்ப்பது பயன் தரும், ஆனால் மேலே சொன்னவற்றை முதலில் நீங்களே பாருங்கள்.

தொழலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மார்க்க விளக்கத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் (மார்க்க அறிஞர்) கேளுங்கள். வரலாறாக ஒன்று சொல்கிறேன். தொழுகைக்கு வேண்டியது சுத்தமான இடம், படம் போட்ட விரிப்பு கட்டாயமில்லை. நபிகள் பேரீச்ச ஓலைப் பாயில் தொழுததாக ஹதீஸ் உண்டு. பத்தமடைக் கோரைப்பாயிலும் தொழலாம். விரிப்பின் நலனுக்காகச் சொன்னால், தினசரி வேண்டாம். 150 வருஷத்துக் கம்பளியில் முட்டி போடும் ஒவ்வொரு முறையும் அரித்த பழுப்பு முடிச்சு கொஞ்சம் உதிரும். குடும்ப விசேஷத்தில் ஒருமுறை விரித்தால் குறைந்துவிடாது.

துவைப்பது கூடவே கூடாது. சோப்புத்தூள், வாஷிங் மெஷின், ட்ரை கிளீனிங் எதுவும் வேண்டாம். கொடியில் போட்டு அடிக்கவும் வேண்டாம். வலைத்துணியை மேலே போட்டு, வாக்குவம் கிளீனரை மிகக் குறைந்த வேகத்தில் வைத்துத் தூசி எடுங்கள், பின்பக்கத்தையும் விடாதீர்கள். மடித்து வைக்காமல், தடித்த குழாயில் பூப்பக்கம் வெளியே இருக்கும்படி சுருட்டி, கஞ்சி போகத் துவைத்த பருத்தித் துணியில் சுற்றுங்கள். பிளாஸ்டிக் உறை கடற்கரை ஊர் ஈரத்தை உள்ளேயே பிடித்துவைக்கும். அந்துப்பூச்சி இருட்டையும் அசையாத இடத்தையும் விரும்பும், அதனால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பிரித்துப் பாருங்கள். அந்து உருண்டையை விரிப்பின் மேலேயே வைக்காதீர்கள். ஓட்டை இருந்தால் நைலான் நூலால் தைக்க வேண்டாம்.

விலையைப் பொறுத்தவரை, 19-ஆம் நூற்றாண்டு ஊர்த்தறி விரிப்புக்கும் 17-ஆம் நூற்றாண்டு விரிப்புக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முதுகு, குஞ்சம், ஓரக்கரை, தேதி, விலக்கிய முடிச்சின் அடி ஆகியவற்றைப் பகலொளியில் படமெடுத்து, வாங்கும் எண்ணமில்லாத ஒருவரிடம் முதலில் காட்டுங்கள். இந்தியாவில் நூறு வருஷம் கடந்த கலைப்பொருள்களுக்கு 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச்செல்வங்கள் சட்டம் பொருந்தும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது, வியாபாரம் செய்பவருக்கு உரிமம் வேண்டும். உங்களிடம் வந்தவர் விலை பேசும்போது அந்த உரிமத்தை முதலில் கேளுங்கள்.