எத்தனை டன் ஏ.சி. வாங்கணும்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எங்கள் படுக்கையறை 10க்கு 12 அடி. மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிறது. 120 சதுர அடிக்கு 1 டன் போதும் என்று கடையில் சொன்னதால் 1 டன் இன்வெர்ட்டர் ஏ.சி. (தேவைக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்து ஓடும் வகை) வாங்கினோம். கீழ் போர்ஷனில் அதே அளவு அறை, அங்கேயும் 1 டன், ஜில்லென்று இருக்கிறது. எங்களுக்கோ ராத்திரி பதினோரு மணி வரைக்கும் வியர்வை நிற்பதில்லை. மெக்கானிக் வந்து கேஸ் ஏற்றினார், பணம் போனதுதான் மிச்சம். மெஷினே கோளாறா சார்?
*— வாசகர், வேலூர்*

பதில்: நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் மெஷின் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை, உங்கள் தலைக்கு மேலே இருக்கிற கான்கிரீட் மேல்தான் சந்தேகம். சதுர அடியை மட்டும் கேட்டு டன், அதாவது ஏ.சி.யின் குளிரூட்டும் திறன், சொல்வது கடைக்காரருக்கு வசதி, அவ்வளவுதான். ஏ.சி.க்கு அறையின் நீள அகலம் தெரியாது. உள்ளே எவ்வளவு சூடு வருகிறதோ அதை எடுத்து வெளியே தள்ளுவது மட்டும்தான் அதன் வேலை. கீழ் வீட்டுக்கு மேலே உங்கள் வீடே நிழலாக இருக்கிறது, உங்களுக்கு மேலே மே மாதத்து வேலூர் வெயில் நேராக நிற்கிறது. அறை அளவு ஒன்றானாலும் வேலை ஒன்றல்ல.

காலையிலிருந்து குடித்த வெயிலைத் தளம் உடனே உள்ளே விடாது, நாலைந்து மணி நேரம் தாமதமாக விடும். அதனால்தான் சாயங்காலம் ஆறு மணிக்கு வெளியே காற்று கொஞ்சம் தணிந்த பிறகும் உங்கள் சீலிங் கொதிக்கிறது, நடுராத்திரி வரை கீழே அனலை இறக்கிக்கொண்டே இருக்கிறது. கை எட்டினால் தொட்டுப் பாருங்கள், தெரிந்துவிடும். உங்கள் அளவு அறையில் மேலே எதுவும் பூசாத ஆறு அங்குலத் தளம் வழியாக மட்டும் ஏறக்குறைய 700 முதல் 900 வாட் வரை சூடு இறங்கும் என்று கணக்கு வருகிறது. அதோடு மேற்குப் பக்கம் ஒரு ஜன்னல் இருந்து, நாலு மணி வெயில் கண்ணாடியில் நேராக அடித்தால் இன்னொரு 500, 600 வாட். உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள் சுமார் 100 வாட். மேற்குச் சுவர், டிவி, கதவைத் திறக்கும்போதெல்லாம் புகும் காற்று என்று கூட்டிக்கொண்டே போனால் உங்கள் 1 டன் மெஷினின் சக்தியில் (சுமார் 3,517 வாட்) பெரும்பகுதி அதிலேயே தீர்ந்துவிடும். மெத்தை, பீரோ, சுவர் எல்லாம் பகல் முழுக்கச் சேர்த்து வைத்த சூட்டை எடுக்க மிச்சம் என்ன இருக்கும்?

கேஸ் விஷயமும் சொல்லிவிடுகிறேன். ஏ.சி. கேஸ் பெட்ரோல் மாதிரி தீரும் பொருள் இல்லை, மூடிய குழாய்க்குள்ளேயே சுற்றி வருவது. குறைந்திருந்தால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் வெறுமனே கேஸ் ஏற்றிவிட்டு வருகிறவரிடம், எங்கே லீக் என்று கட்டாயம் கேளுங்கள்.

இப்போது உடனே ஏ.சி.யை மாற்ற ஓடாதீர்கள். முதலில் மொட்டை மாடியில் வெள்ளை பூசுங்கள், கூலிங் பெயின்ட் அடித்தாலும் சரி, கூலிங் டைல்ஸ் பதித்தாலும் சரி, வசதி இல்லையென்றால் சுண்ணாம்பே போதும். கறுத்துப்போன பழைய சிமெண்ட் தளம் தன்மேல் விழும் வெயிலில் பெரும்பங்கை உள்ளே வாங்கிக்கொள்ளும், புதிதாக வெள்ளை பூசிய தளம் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். சுண்ணாம்பு மழையில் கரைந்து போகும், ஒவ்வொரு வருஷமும் மார்ச் வாக்கில் திரும்ப அடிக்க வேண்டியிருக்கும். மேற்கு ஜன்னலுக்கு வெளிப்பக்கமாக மூங்கில் தட்டியோ நிழல்வலையோ கட்டுங்கள். உள்ளே திரை போட்டால் வெயில் கண்ணாடியைத் தாண்டி வந்த பிறகுதான் தடுக்கிறீர்கள், சூடு ஏற்கெனவே அறைக்குள் வந்தாயிற்று. இத்தனையும் செய்து ஒரு வாரம் பார்த்த பிறகும் போதவில்லை என்றால் 1.5 டன்னுக்குப் போகலாம், அப்போது அது நியாயமான செலவு.

கேள்வி: டன் என்பது ஏ.சி.யின் எடையா? எங்கள் வகுப்பில் இதைப் பற்றி ஒரு சண்டையே நடந்தது.
*— மாணவர், மதுரை*

பதில்: எடைதான், ஆனால் ஏ.சி.யின் எடை இல்லை, பனிக்கட்டியின் எடை. குளிர்சாதன இயந்திரங்கள் வருவதற்கு முன்னால் குளிர்ச்சி என்றாலே ஐஸ் வியாபாரம்தான். சென்னை மெரினாவுக்கு எதிரே ஐஸ் ஹவுஸ் என்கிறோமே, இன்றைய விவேகானந்தர் இல்லம், அது 1842-ல் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்த ஐஸ் கட்டிகளைச் சேமித்து வைக்கக் கட்டியது. பிறகு இயந்திரம் வந்தபோது, இது ஒரு நாளைக்கு எத்தனை டன் ஐஸுக்குச் சமமான வேலை செய்யும் என்றுதான் கேட்டார்கள். ஒரு அமெரிக்க டன், அதாவது சுமார் 907 கிலோ ஐஸ், 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு சூட்டை இழுக்குமோ அதுதான் 1 டன் குளிரூட்டும் திறன். மணிக்கு 12,000 பி.டி.யூ. (சூட்டை அளக்கும் ஓர் அலகு), வாட்டில் சொன்னால் சுமார் 3,517. இந்த 3,517 வாட் என்பது மெஷின் அறையிலிருந்து வெளியே தள்ளும் சூடு, அது இழுக்கும் கரண்ட் அல்ல. இழுக்கும் கரண்ட் இதில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கும் கீழேயோ இருக்கும்.

கேள்வி: பெரிதாக வாங்கினால் நல்லதுதானே என்று 11க்கு 11 அறைக்கு 2 டன் போட்டோம். பழைய மாடல், இன்வெர்ட்டர் இல்லை. பத்தே நிமிஷத்தில் குளிர்கிறது. ஆனால் உடம்பெல்லாம் பிசுபிசுப்பு, பெட்ஷீட் ஈரமாகத் தொடுகிறது, பையனுக்கு நடுக்கம். ஏன் இப்படி?
*— வாசகி, திருவான்மியூர், சென்னை*

பதில்: அந்தப் பத்து நிமிஷம்தான் அம்மா பிரச்சினை. கடற்கரை ஊரில் ஏ.சி.க்கு இரண்டு வேலை. ஒன்று சூட்டைக் குறைப்பது, இன்னொன்று காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துத் தண்ணீராக வெளியேற்றுவது. இரண்டாவது வேலை லேசுப்பட்டதல்ல. ஒரு மணி நேரத்தில் ஒரு லிட்டர் தண்ணீரைக் காற்றிலிருந்து பிரிக்கவே சுமார் 680 வாட் திறன் செலவாகும். டிரெயின் பைப்புக்குக் கீழே ஒரு வாளியை ஒரு மணி நேரம் வைத்துப் பாருங்கள், உங்கள் மெஷின் அந்த வேலையை எவ்வளவு செய்கிறது என்று கண்ணுக்கே தெரியும்.

ஈரம் படிய வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் காயில் (coil, குளிர்ந்த குழாய்ச் சுருள்) தொடர்ந்து குளிராக இருந்து, படிந்த நீர் சொட்டி வடிந்து போகிற அளவுக்கு நேரம் கிடைக்க வேண்டும். உங்கள் 2 டன் கம்ப்ரசர் அறையைச் சட்டென்று குளிரவைத்து நின்றுவிடுகிறது. நின்ற பிறகும் ஃபேன் மட்டும் ஓடும், காயிலில் ஒட்டியிருந்த ஈரத்தை மறுபடி அறைக்குள்ளேயே ஊதிவிடும். தெர்மாமீட்டர் 23 என்று காட்டும், உடம்பு மட்டும் ஒத்துக்கொள்ளாது. போதாக்குறைக்கு அடிக்கடி நின்று நின்று ஓடுவது கம்ப்ரசருக்கும் ஆகாது.

இப்போதைக்கு ஃபேன் வேகத்தைக் குறைத்து வையுங்கள், டிரை மோடு இருந்தால் ராத்திரி அதில் போடுங்கள், பாத்ரூம் கதவைச் சாத்தியே வையுங்கள், கதவடி இடுக்கை அடையுங்கள். ஹால் பெரிதாக இருந்தால் இந்த 2 டன்னை அங்கே மாற்றிவிட்டு, படுக்கையறைக்கு 1 டன் இன்வெர்ட்டர் வாங்குவதுதான் சரியான தீர்வு. இன்வெர்ட்டரில் அளவு கொஞ்சம் கூடிப்போனாலும் அது தானாக வேகத்தைக் குறைத்து ஓடும், ஆனால் அதற்கும் ஒரு கீழ் எல்லை உண்டு. அதற்குக் கீழே போக முடியாமல் அதுவும் நின்று நின்றுதான் ஓடும், ஆகவே இன்வெர்ட்டர்தானே என்று சின்ன அறைக்கு 2 டன் போடாதீர்கள்.

கேள்வி: 1.5 டன்னிலேயே 3 ஸ்டார், 5 ஸ்டார் இருக்கிறது. 5 ஸ்டார் அதிகமாகக் குளிருமா?
*— வாசகர், கோயம்புத்தூர்*

பதில்: இல்லை. ஸ்டார் சொல்வது சிக்கனத்தை மட்டும். பெட்டியில் இருக்கும் ஸ்டார் லேபிளில் குளிரூட்டும் திறன் என்று வாட்டில் ஒரு எண் இருக்கும், அதைப் படியுங்கள். நான் எல்லாரிடமும் கெஞ்சிக் கேட்டுக்கொள்வது இதைத்தான். 1.5 டன் என்றால் கணக்குப்படி 5,275 வாட் வரணும், ஆனால் 1.5 டன் என்று விற்பதிலேயே 4,800 பக்கம் நிற்பதும் உண்டு, 5,200-ஐத் தொடுவதும் உண்டு. உங்கள் அறை எல்லைக்கோட்டில் இருந்தால் இந்த 400 வாட் பெரிய வித்தியாசம்.

அந்த எண்ணும் வெளியே 35 டிகிரி, உள்ளே 27 டிகிரி என்று வைத்து அளந்தது. வெளியே 40-ஐத் தாண்டும் ஊர்களில் அதே மெஷின் அதைவிடக் குறைவாகத்தான் தரும். உங்கள் கோவைக்கு இந்தக் கவலை குறைவு. வருஷத்துக்கு எத்தனை யூனிட் என்று லேபிளில் போட்டிருப்பது 1,600 மணி நேர ஓட்டத்துக்கு, வருஷம் முழுக்க ராத்திரி எட்டு மணி நேரம் போடுகிறவர்களுக்கு அதைவிடக் கூடத்தான் வரும். அப்படி ஓட்டுகிறவர்கள் 5 ஸ்டார் வாங்கலாம். வருஷத்தில் இரண்டு மாதம் மட்டும் என்றால் 3 ஸ்டாரே போதும். ஸ்டார் அளவுகோலைச் சில வருஷத்துக்கு ஒருமுறை கடுமையாக்குவார்கள் என்பதால் பழைய 5 ஸ்டாரும் புதிய 5 ஸ்டாரும் ஒன்றல்ல. லேபிளில் உள்ள ஐ.எஸ்.இ.இ.ஆர். எண்ணை (இழுக்கும் கரண்டுக்கு எவ்வளவு குளிர்ச்சி என்று சொல்வது) ஒப்பிடுங்கள், கூட இருந்தால் சிக்கனம்.

கேள்வி: 18-ல் வைத்தால் சீக்கிரம் குளிருமா?
*— வாசகி, ஈரோடு*

பதில்: குளிராது. அறை 34-ல் இருக்கும்போது 18 வைத்தாலும் 24 வைத்தாலும் மெஷின் தன்னால் முடிந்த முழு வேகத்தில்தான் ஓடும். 18 வைத்தால் நிற்காமல் ஓடும், பில்லில் தெரியும். 2020 ஜனவரியிலிருந்து இந்தியாவில் வரும் வீட்டு ஏ.சி.க்கள் ஆன் செய்ததும் 24-ல்தான் தொடங்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. 25, 26 வைத்து சீலிங் ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள்.

கேள்வி: ஹாலும் கிச்சனும் ஒன்றாக, 300 சதுர அடி, உள்ளேயே மாடிப்படி. 2 டன் ஒன்று போதுமா?
*— வாசகர், திருச்சி*

பதில்: அந்த மாடிப்படி திறந்திருக்கும் வரை 3 டன்னும் போதாது. மேல்மாடிச் சூடும் கீழ்க்காற்றும் கலந்துகொண்டே இருக்கும். கேஸ் அடுப்பில் ஒரு பெரிய பர்னர் எரிந்தாலே 2 கிலோவாட்டுக்கு மேல் சூடு, அதை வெளியேற்ற எக்ஸாஸ்ட் போட்டால் குளிர்ந்த காற்றும் சேர்ந்து போய்விடும். படிக்கட்டுக்குக் கதவு போட்டு, கிச்சனுக்கு ஒரு கண்ணாடித் தடுப்பு வைத்துவிட்டு மிச்சமிருக்கும் இடத்தை அளந்து வாங்குங்கள்.

கேள்வி: வாடகை வீடு, மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட அறை, 10க்கு 10. இரண்டு பிள்ளைகள் பரீட்சைக்குப் படிக்கிறார்கள். 1.5 டன் வாங்கலாமா? கடன் வாங்கித்தான் வாங்கணும்.
*— வாசகி, ஆவடி*

பதில்: கடன் என்று எழுதியிருப்பதால் நேராகவே சொல்கிறேன், இப்போதே வாங்காதீர்கள். ஷீட்டுக்குத் தளம் மாதிரி தாமதம் கிடையாது, வெயில் பட்ட சில நிமிஷத்திலேயே அனல் உள்ளே இறங்கும். 1.5 டன் போட்டாலும் மதியம் முழுக்க முழு வேகத்தில் ஓடும், கடன் தவணையோடு கரண்ட் பில்லும் சேரும். முதலில் வீட்டுக்காரரிடம் பேசி ஷீட்டின் மேல் வெள்ளை கூல் ரூஃப் பெயின்ட் அடிக்கக் கேளுங்கள். பழைய ஷீட்டை நீங்களே சுரண்டவோ துளை போடவோ வேண்டாம், அந்தத் தூசி நுரையீரலுக்குக் கெடுதல். ஷீட்டுக்குக் கீழே கொஞ்சம் இடைவெளி விட்டு ஜிப்சம் போர்டில் ஃபால்ஸ் சீலிங், அதற்கு மேலே ராக்வூல் (சூட்டைத் தடுக்கும் கனிமப் பஞ்சு) விரிப்பு. மலிவு என்று வெறும் தெர்மாகோலை ஒட்டாதீர்கள், தீப்பிடித்தால் ஆபத்து. ஃபால்ஸ் சீலிங்குக்கும் ஷீட்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலிருந்து சூடான காற்று வெளியேற இரண்டு பக்கமும் சின்ன வழி விடச் சொல்லுங்கள். இதெல்லாம் முடிந்ததும் ஒரு நல்ல வெயில் நாளில் மதியம் மூன்று மணிக்கு அறைக்குள் எத்தனை டிகிரி, வெளியே நிழலில் எத்தனை என்று அளந்து எழுதுங்கள். அந்த இரண்டு எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றாக இருந்தால் உங்களுக்கு 1 டன்னே போதும்.