ஒரு பல்கலைக்கழகத்தில் எந்தெந்தத் துறைகளில் உண்மையாகவே ஆராய்ச்சி நடக்கிறது என்று எப்படித் தெரிந்துகொள்வது?

துறைப் பட்டியலை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். அது என்னென்ன பாடம் நடத்துகிறார்கள் என்பதைத்தான் சொல்லும். 'வேதியியல் துறை' என்ற ஒரே பெயரின் கீழ் வினையூக்கிகள், மின்கலங்கள், புரதக் கட்டமைப்பு என்று தனித்தனிக் குழுக்கள் இயங்கலாம். வகுப்பெடுப்பதோடு நின்றுவிடும் துறையாகவும் அது இருக்கலாம்.

நான் முதலில் பார்க்கச் சொல்வது முனைவர் பட்ட ஆய்வேடுகளை. பல பல்கலைக்கழக நூலகங்கள் இவற்றை இணையத்தில் திறந்தே வைத்திருக்கின்றன. கடைசி ஐந்து ஆண்டுகளை மட்டும் எடுத்து, தலைப்பையும் நெறியாளர் பெயரையும் வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். அறிவியல் துறையில் ஒரே நெறியாளரிடம் நான்கைந்து ஆய்வேடுகள் ஒரே திசையில் போனால், அங்கே ஒரு குழு நிலைத்து இயங்குகிறது என்று நம்பலாம். வரலாறு, இலக்கியம் போன்றவற்றில் தலைப்பை மாணவரே தேர்ந்தெடுப்பது வழக்கம் என்பதால், தலைப்புகள் சிதறியிருந்தால் அது குறையல்ல.

ஆய்வேட்டின் நன்றியுரையைத் தவறாமல் படியுங்கள். பலர் தாண்டிப் போய்விடும் பக்கம் அது. 'எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களை எடுத்துத் தந்த' இன்னொரு நிறுவனத்துக்கு நன்றி சொல்லியிருந்தால், அந்தக் கருவி அப்போது இங்கே இல்லை, அல்லது இருந்தும் பயன்படும் நிலையில் இல்லை என்று சந்தேகிக்கலாம். நீங்களும் மாதிரிகளை வெளியே அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டிவரும்.

அடுத்தது கட்டுரைகள். 2022-இல் தொடங்கிய ஓப்பன்அலெக்ஸ் தளத்தில் நிறுவனத்தின் பெயரைத் தேடினால் கட்டுரைகளைத் தலைப்புவாரியாக இலவசமாகப் பார்க்கலாம். ஒரே பெயர் கொண்ட இருவரின் கட்டுரைகள் கலந்துவிடுவது உண்டு. ஓர்கிட் எனும், ஆய்வாளர்களுக்கான 16 இலக்க அடையாள எண்ணை வைத்துச் சரிபாருங்கள். ஆய்வகம் சார்ந்த உயிரியலில் ஆசிரியர் வரிசையின் கடைசிப் பெயர் பெரும்பாலும் குழுத் தலைவருடையது. கணிதத்தில் பெயர்கள் அகரவரிசையில் வருவதால் இடத்துக்குப் பொருளில்லை.

எண்ணிக்கையை அப்படியே நம்பினால் ஏமாறுவீர்கள். ஹிக்ஸ் துகளின் நிறை பற்றி 2015-இல் வந்த கட்டுரைக்கு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். அதுபோன்ற பெருங்கூட்டணியில் இரண்டு பேராசிரியர்கள் இருந்தாலே ஒரு சிறிய இயற்பியல் துறையின் மேற்கோள் கணக்கு, அதாவது அதன் கட்டுரைகளைப் பிறர் சுட்டும் எண்ணிக்கை, மலைபோல் உயர்ந்துவிடும். மறுபுறம், மானுடவியல், மெய்யியல் போன்ற துறைகளின் உழைப்பில் பெரும்பகுதி நூல்களாக வருகிறது. கட்டுரைத் தரவுத்தளங்களில் அது சரியாகப் பதிவாவதில்லை. அவற்றுக்கு நூலகப் பட்டியலைத்தான் தேட வேண்டும்.

கடைசியாக, நீங்கள் குறித்துவைத்த பேராசிரியர் இன்னும் பணியில் இருக்கிறாரா என்று பாருங்கள். ஓய்வுபெற்றவர், இடம் மாறிப்போனவர் பெயரெல்லாம் துறைப் பக்கத்தில் ஆண்டுக்கணக்கில் கிடக்கும். அவருக்கு எழுதும் மின்னஞ்சலில் இரண்டு கேள்விகள் போதும்: அடுத்த ஆண்டு மாணவர் எடுக்கிறீர்களா, இப்போதைய திட்டத்துக்கான நிதி எந்த ஆண்டு வரை இருக்கிறது?