ஊழல்வாதி என்று தெரிந்தும் மக்கள் ஏன் அந்தத் தலைவருக்கே ஓட்டுப் போடுகிறார்கள்? வரலாற்றில் உதாரணம் உண்டா?

மக்கள் முட்டாள்கள் என்ற பதிலை மட்டும் என்னால் ஏற்கவே முடியாது. அமெரிக்காவின் லூசியானாவில் 1928-இல் ஆளுநரான ஹியூயி லாங்கைப் பாருங்கள் (அங்கே ஆளுநர் என்றால் மக்கள் ஓட்டில் ஜெயித்து ஆட்சி நடத்துகிறவர்). அவருக்கு முன் ஆண்டவர்கள் கிராமத்து ஏழைகளைப் பெரிதாகக் கண்டுகொண்டதில்லை. லாங் வந்த பிறகு பிள்ளைகளுக்குப் பாடப்புத்தகம் இலவசமாகக் கிடைத்தது, சேற்றுப் பாதையெல்லாம் நல்ல சாலை ஆனது, பாலங்கள் வந்தன, எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர்களுக்கு இரவுப் பள்ளி வந்தது. இதெல்லாம் வெறும் மேடைப்பேச்சு இல்லை, நிஜமாகவே நடந்தது.

அதே ஆள்தான் அரசு ஊழியர்களின் சம்பளத்தில் ஒரு பங்கைத் தன் கட்சி வேலைக்கென்று பிடித்தார். அந்தப் பணம் ரொக்கமாக ஒரு பூட்டிய பெட்டியில் சேரும். 1929-இல் அவரைப் பதவிநீக்கம் செய்ய விசாரணை வந்தபோது, தீர்ப்புச் சொல்ல வேண்டிய மாநில மேல்சபையின் 15 செனட்டர்கள் என்ன சாட்சியம் வந்தாலும் அவருக்கு எதிராக ஓட்டுப் போட மாட்டோம் என்று முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். பதவிநீக்கத்துக்கு வேண்டிய மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு தேறாது என்று ஆகிவிட்டது, விசாரணை அதோடு படுத்துவிட்டது. சாட்சியைக் கேட்பதற்கு முன்பே தீர்ப்பு எழுதுவதை விட ஒரு சபைக்குக் கேவலம் வேறென்ன? 1935-இல் லாங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்தப் பெட்டி கிடைக்கவே இல்லை.

இவரை மனதில் வைத்து உருவானதாகச் சொல்லப்படும் பாத்திரம்தான் ராபர்ட் பென் வாரனின் 1946 நாவலான 'ஆல் த கிங்ஸ் மென்'னில் வரும் வில்லி ஸ்டார்க். மிரட்டலும் பேரமுமாகவே அரசியல் செய்கிறவர், ஏழைகளுக்குக் கட்டும் மருத்துவமனையில் மட்டும் ஒரு பைசா லஞ்சம் ஒட்டக்கூடாது என்று துடிப்பார். வெறும் வில்லனாக எழுதியிருந்தால் எனக்கு அந்த நாவல் பிடித்திருக்காது.

இப்படிப்பட்ட தலைவர்களைக் கேலி செய்தால் போதும் என்பவர்களுக்கு, பழங்கால கிரேக்க நகரமான ஏதென்ஸின் அரசியல்வாதி கிளியோன் ஓர் உதாரணம். கி.மு. 424-இல் அவரைக் கிழித்த நகைச்சுவை நாடகாசிரியர் அரிஸ்டோபனீஸின் நாடகத்துக்கு முதல் பரிசு கொடுத்த அதே மக்கள், கொஞ்ச நாளில் அவரையே தளபதியாகத் தேர்ந்தெடுத்தார்கள்.

சரி, அம்பலப்படுத்தினால்? நியூயார்க் நகர அரசியலை ஆட்டிவைத்த டாம்மனி ஹால் என்ற கட்சி அமைப்பின் தலைவர் ட்வீட், நீதிமன்றக் கட்டடத்துக்குப் போட்ட பொய் பில்களை 1871-இல் பத்திரிகை கணக்கோடு வெளியிட்டது. அதே ஆண்டு தேர்தலில் தன் தொகுதியில் மறுபடி ஜெயித்தார்! அப்புறம் வழக்கு, சிறை, தப்பியோட்டம், 1878-இல் சிறையிலேயே சாவு. ஆனால் டாம்மனி ஹால் அவரோடு சாகவில்லை. புதிதாக வந்திறங்கிய ஏழைக்கு வேலையும் குளிருக்கு நிலக்கரியும் வாங்கிக் கொடுக்க அங்கே வேறு நாதி இல்லாததால், அது இன்னும் பல பத்தாண்டுகள் அந்த நகரத்தைக் கையில் வைத்திருந்தது.