பொருளாதார மந்த காலத்தில் பணக் கவலையை நண்பர்கள் அரட்டையில் பேசலாமா?

கேள்வியில் நீங்கள் சொல்லியிருப்பது இதுதான்: பல வருடமாகத் தினமும் ராத்திரி இணையத்தில் அரட்டை அடிக்கும் நண்பர்கள் வட்டம், இப்போது உங்களுக்குச் சம்பளம் பாதியாகிவிட்டது, இன்னும் இரண்டு மூன்று பேருக்கும் அப்படித்தான் இருக்கும் என்று சந்தேகம், ஆனால் யாரும் வாயைத் திறப்பதில்லை. பேச்சை எடுத்தால் இருக்கிற கலகலப்பும் போய்விடுமோ என்று தயங்குகிறீர்கள்.

எடுங்கள். ஆனால் 'ரொம்பக் கஷ்டமா இருக்கு' என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். எண்களோடு பேசுங்கள். இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2008, 2009 மந்தத்தின்போது நான் இதே இடத்தில் ஐந்து வாரம் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்த ஐந்து வாரத்தில் ஆன நஷ்டம் வேலை போனதால் ஆன நஷ்டத்தோடு தனியாகச் சேர்ந்துகொண்டது.

நான் அப்போது கப்பல் சரக்குக்கு ஆவணங்கள் தயாரிக்கும் ஓர் அலுவலகத்தில் இருந்தேன். 2008 செப்டம்பர் 15 அன்று அமெரிக்காவின் லேமன் பிரதர்ஸ் வங்கி திவால் மனு போட்டபோது எங்களுக்கு அது எங்கோ இருக்கிற ஒரு வங்கியின் செய்தி, அவ்வளவுதான். ஆனால் நவம்பரில் என் மேஜைக்கு வரும் கோப்புகள் குறைய ஆரம்பித்தன. ஒரு நாளைக்கு நாற்பது வந்த இடத்தில் இருபது, அப்புறம் ஒன்பது. மதியத்துக்கு மேல் செய்வதற்கு ஒன்றும் இல்லாமல் பழைய கோப்புகளை எடுத்துத் திரும்ப அடுக்கி வைப்போம், மேலாளர் பார்த்தும் பார்க்காத மாதிரி போவார். 2009-ல் உலகச் சரக்கு வணிகம் அளவில் சுமார் 12 சதவீதம் சரிந்தது என்று பின்னாளில் படித்தபோது எனக்கு ஞாபகம் வந்தது அந்தக் காலியான டிரேதான். பிப்ரவரியில் என்னைப் போகச் சொல்லிவிட்டார்கள்.

எங்கள் வட்டத்தில் ஏழு பேர். எல்லாரும் ஒரு காலத்தில் ஒரே இடத்தில் வேலை பார்த்தவர்கள், அப்புறம் ஆளுக்கொரு பக்கம் போனவர்கள். ராத்திரி ஒன்பதரைக்கு மேல் மெசஞ்சரில் கூடுவோம். யார் வீட்டுக் குழாய் ஒழுகுகிறது, யார் பிள்ளைக்குக் காய்ச்சல், யாருக்கு இன்றைக்குப் பேருந்து தவறியது, இதுதான் பேச்சு. வேலை போன பிறகும் நான் தினமும் வந்து 'இன்னைக்கு ஆபீஸ்ல செம வேலை' என்று எழுதிக்கொண்டிருந்தேன். யாரும் சந்தேகப்படவில்லை என்றுதான் நினைத்தேன். வட்டத்தில் கணக்குப் பிரிவில் இருந்த ஓர் அக்கா உண்டு, எல்லாரையும்விட மூத்தவர். ஒரு நாள் அவர் என்னிடம் 'எப்படி இருக்க' என்று கேட்கவில்லை. 'உன் ஆபீஸ்ல இப்ப ஒரு நாளைக்கு எத்தனை ஃபைல் வருது?' என்று கேட்டார்.

'எப்படி இருக்க' என்று கேட்டிருந்தால் 'நல்லா இருக்கேன்' என்று சொல்லியிருப்பேன். எத்தனை என்று கேட்டதும் கை நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்து 'தெரியல அக்கா. நான் அங்க இல்ல. பிப்ரவரியிலயே அனுப்பிட்டாங்க' என்று அடித்தேன். யாரும் உடனே எதுவும் எழுதவில்லை. அப்புறம் வழக்கமாக அதிகம் பேசாத ஒருவர், 'எனக்கு ஜனவரியில' என்று ஒரே வரி போட்டார். அவரும் தினமும் வந்துகொண்டுதான் இருந்தார், தினமும் குழாய் ஒழுகுவதைப் பற்றிப் பேசிக்கொண்டுதான் இருந்தார். இரண்டு பேரும் ஒரே பொய்யை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டிருந்தோம், அதை நினைத்தால் இப்போதும் மனசு கனக்கிறது.

அன்றைக்கு நடந்த பேச்சில்தான் கிரெடிட் கார்டு விஷயம் வெளியே வந்தது. சம்பளம் நின்றதும் நான் கார்டில் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டு, மாதா மாதம் கட்டுகிறோமே, சமாளித்துவிடுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தேன். அக்கா வட்டி எவ்வளவு என்று கேட்டார். மாதம் 3 சதவீதம். கட்டுவது நிலுவையில் 5 சதவீதம். அவர் அங்கேயே கணக்குப் போட்டுக் காட்டினார்: கடன் 100 என்று வைத்துக்கொள், புதிதாக ஒரு பைசா செலவு பண்ணாமல் இப்படியே ஒரு வருடம் கட்டினால் உன் கையிலிருந்து போவது மொத்தம் 55, அதில் 32 வட்டிக்கே போய்விடும், கடன் குறைவது 23 மட்டும், வருடக் கடைசியிலும் 77 நிற்கும். மாதம் 3 என்பது கேட்கச் சின்னதாக இருக்கும், வட்டிக்கு வட்டி சேர்த்தால் வருடத்துக்குக் கிட்டத்தட்ட 42.6 சதவீதம். என்னிடம் அந்தக் கடனைப் போல இரண்டு மடங்கு சேமிப்பு, சாதாரண வட்டிக்கு வங்கியில் சும்மா கிடந்தது. 'கை இருப்பைத் தொடக் கூடாது' என்ற பயத்தில் அதைத் தொடாமல் இருந்தேன். மறுநாள் காலையில் கார்டை முழுசாக அடைத்தேன். தனியாக யோசித்தபோது இது எனக்குத் தோன்றவே இல்லை, பயத்தில் இருக்கும்போது கூட்டல் கழித்தல்கூட ஓடாது என்பது உண்மை.

உங்களுக்கும் இதே கடன்தான் இருக்கும் என்று சொல்ல வரவில்லை. ஆனால் எந்தச் செலவைத் தள்ளிப்போடலாம், எதைத் தள்ளினால் அபராதம் வரும், வங்கியிடம் தவணையை மாற்றியமைத்துத் தரச் சொல்லி எப்படி எழுதுவது, இதெல்லாம் ஏற்கனவே செய்து பார்த்தவர் ஒருவராவது உங்கள் வட்டத்தில் இருப்பார். அவருக்கு உங்கள் நிலைமை தெரிந்தால்தானே சொல்வார்? தவணை விஷயத்தில் ஒன்று மட்டும் கட்டாயம்: தவறுவதற்கு முன்னால் பேசுங்கள். தவறிய பிறகு போனால் உங்களுக்குக் கிடைக்கும் வழிகள் குறைவு.

இன்னொன்று. 'செய்தியில் மந்தம்னு இன்னும் சொல்லல, அப்ப என் தப்புதானோ' என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருந்தார். தயவுசெய்து அப்படி நினைக்காதீர்கள். இரண்டு காலாண்டு தொடர்ந்து நாட்டின் மொத்த உற்பத்தி சுருங்கினால் மந்தம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவுகோல், அந்தப் புள்ளிவிவரம் வருவதற்குள் உங்கள் வீட்டில் அது நடந்து முடிந்திருக்கும். அமெரிக்காவில் இதை முறைப்படி குறிக்கும் பொருளாதார ஆய்வு அமைப்பு, மந்தம் 2007 டிசம்பரில் தொடங்கிவிட்டது என்று அறிவித்தது 2008 டிசம்பரில், முழுசாக ஒரு வருடம் கழித்து. முடிந்தது 2009 ஜூன் என்று குறித்தார்கள், ஆனால் அங்கே வேலையின்மை உச்சமாக 10 சதவீதம் தொட்டது அந்த அக்டோபரில். அதாவது காகிதத்தில் மந்தம் முடிந்து நாலு மாதம் கழித்தும் வேலை தேடுகிறவர்கள் எண்ணிக்கை ஏறிக்கொண்டிருந்தது. கம்பெனிகள் ஆர்டர் திரும்பிய உடனே ஆள் எடுப்பதில்லை, இருக்கிறவர்களையே கூடுதல் நேரம் வேலை வாங்கிப் பார்த்துவிட்டுத்தான் எடுப்பார்கள். அதனால் 'எல்லாம் சரியாகிடுச்சாமே, உனக்கு மட்டும் ஏன் கிடைக்கல' என்று யாராவது கேட்டால் குறுகிப் போகாதீர்கள்.

எங்கள் வட்டத்தில் ஒரு தம்பி புகைப்படம் எடுப்பவர், விழாக்களுக்குப் போவார். நாங்கள் எல்லாரும் எதை எதைக் குறைத்தோம் என்று உற்சாகமாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்த ஒரு ராத்திரி, அவர் 'நீங்க எல்லாரும் குறைச்சது முழுக்க என் வேலைதான் அண்ணா' என்று எழுதினார். கெய்ன்ஸ் என்ற பொருளாதார அறிஞர் சொன்னது அதுதான், ஒருவர் செலவு இன்னொருவர் வருமானம், எல்லாரும் ஒரே நேரத்தில் சேமிக்கக் கிளம்பினால் எல்லார் வருமானமும் இறங்கும். அதற்காக இல்லாத பணத்தைச் செலவு செய்யச் சொல்ல முடியாது. ஆனால் அன்றிலிருந்து வேலை கையில் இருந்த மூன்று பேர், எப்படியும் செய்தாக வேண்டிய செலவுகளை வட்டத்தில் இருக்கிறவர்களுக்கே கொடுத்தார்கள். அந்தத் தம்பிக்கு ஒரு நிறுவனத்தின் பொருட்பட்டியலுக்குப் படம் எடுக்கும் வேலை அப்படித்தான் வந்தது.

எச்சரிக்கையாக இருக்க வேண்டிய இடங்களும் உண்டு. எந்த வங்கி விழப்போகிறது என்ற பேச்சை உள்ளே விடாதீர்கள். 2007 செப்டம்பரில் பிரிட்டனில் நார்தர்ன் ராக் வங்கி அவசர உதவி கேட்டது என்ற செய்தி வந்ததுமே வாசலில் வரிசை கட்டி நின்று பணத்தை எடுத்தார்கள், வைப்புத்தொகைக்கு அரசு உத்தரவாதம் கொடுத்த பிறகுதான் வரிசை குறைந்தது. பயம் அவ்வளவு வேகமாகப் பரவும். உங்கள் வைப்புத்தொகைக்குக் காப்பீடு எந்த வரம்பு வரை என்று அவரவர் பார்த்துக்கொண்டால் போதும்.

வேலைக் கடிதங்களை மட்டும் கட்டாயம் நாலு பேருக்குக் காட்டுங்கள். ஜனவரியில் வேலை போனவர் என்று சொன்னேனே, அவருக்கு வெளிநாட்டு வேலை என்று ஒரு கடிதம் வந்தது, நேர்காணலே இல்லை, பயிற்சிக்கு முன்பணம் கட்டச் சொல்லியிருந்தார்கள். அவர் கட்டத் தயாராகிவிட்டார். கடிதத்தை அரட்டையில் ஒட்டினதும் ஒருவர், 'கம்பெனி பேர் மேல ஒரு மாதிரி, கீழ ஒரு மாதிரி எழுதியிருக்கு பாருங்க' என்றார். ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். பத்துத் தடவை படித்தவர் கண்ணில் அது படவில்லை, அவர் அந்தக் கடிதம் நிஜமாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே படித்திருந்தார்.

கைமாற்று கேட்பதை எல்லாரும் இருக்கிற இடத்தில் செய்யாதீர்கள், ஒருவரிடம் தனியாகக் கேளுங்கள், எவ்வளவு, எந்தத் தேதிக்குள் என்று சேர்த்துக் கேளுங்கள். கொடுப்பவரும் திரும்ப வராவிட்டாலும் தாங்கும் தொகையை மட்டும் கொடுக்கட்டும்.

கலகலப்பு போய்விடுமோ என்று கேட்டீர்கள் இல்லையா? போகவில்லை. ஒழுகும் குழாயைப் பற்றித் தினமும் பேசியதால்தான் அந்த ஒரு நாள் கார்டைப் பற்றிப் பேச முடிந்தது. ஆகவே அதை நிறுத்தாதீர்கள், இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் நடக்கட்டும். முதல் வரி எழுத வரவில்லை என்றால் இதையே எடுத்துக்கொள்ளுங்கள்: 'எனக்குச் சம்பளம் பாதி ஆகி மூணு மாசம் ஆச்சு. கையில நாலு மாசத்துக்கு இருக்கு. ஒரு கடன் தவணை ஓடுது. வங்கிக்கு எழுதி யாராவது தவணையை மாத்தியிருக்கீங்களா?' மாதக் கணக்கை மட்டும் உங்களுக்குத் தகுந்த மாதிரி மாற்றி, இன்று ராத்திரியே அனுப்புங்கள். உடனே பதில் வராவிட்டால் பதறாதீர்கள். எங்கள் வட்டத்திலும் முதலில் கொஞ்ச நேரம் யாருமே எழுதவில்லை.