கிணற்றில் எண்ணெய் மணம்: எந்த ஆழத்தில் மண் எடுப்பது?

கேள்வி: மாங்குளத்துக்குத் தெற்கே ஏ-9 வீதியோரம் இருக்கிறோம். வீட்டுக் கிணற்றிலிருந்து பெற்றோல் செற் அறுபது மீற்றர் வரும். ஆடி மாதம் தொடக்கம் தண்ணீர் எண்ணெய் மணக்கிறது, மேலே படலமும் தெரிகிறது. நிலக்கீழ்த் தாங்கியில் ஒழுக்கில்லை என்கிறார் செற்காரர். மதிலோரம் இரண்டடி தோண்டியும் காட்டினார், மண்ணில் மணமில்லை. மண் பரிசோதனைக்கு எங்கே, எவ்வளவு ஆழத்தில் எடுக்க வேண்டும்?

பதில்: மண்ணுக்கு முன் தண்ணீர். அதைக் குடிப்பதையும் அதில் சமைப்பதையும் இன்றே நிறுத்துங்கள். கொதிக்க வைப்பதும் குளோரின் போடுவதும் இதற்கு மருந்தல்ல. கொதிக்கும்போது பெற்றோலில் உள்ள பென்சீன் ஆவியாகிக் குசினிக்குள்தான் நிற்கும். பென்சீன் புற்றுநோயை உண்டாக்கக் கூடியது. குடிநீரில் லீற்றருக்கு 0.01 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூக்குக்குப் பிடிபடும் அளவு அதைவிடப் பல மடங்கு கூட. ஆகவே மணம் குறைந்த நாளிலும் அந்தத் தண்ணீர் வேண்டாம். கிணற்றுக்குள் ஆளை இறக்காதீர்கள், மிசின் பூட்டி இறைக்கவும் வேண்டாம். ஆவி தீப்பற்றும். இறைக்க இறைக்க, ஒழுகிய எண்ணெயும் உங்கள் கிணற்றை நோக்கியே இழுபட்டு வரும்.

அடுத்து, படலம் எண்ணெய்தானா என்று பாருங்கள். வன்னிக் கிணறுகள் பலவற்றில் இரும்புச் சத்து அதிகம். அதனாலும் வானவில் நிறத்தில் ஆடை படியும். வாளியில் அள்ளி ஈர்க்கால் கீறுங்கள். இரும்பு ஆடை சில்லுச் சில்லாக உடைந்து அப்படியே விலகி நிற்கும். எண்ணெய் கீறின இடத்தை உடனே மூடிக்கொள்ளும். எண்ணெய்தான் என்றால், கிணற்றுக் கட்டில் வைத்து இறைத்த மண்ணெண்ணெய் மிசின் சிந்தியதா என்பதையும் நேர்மையாகப் பார்த்துவிடுங்கள். செற்காரர் முதலில் கேட்கப்போவது அதைத்தான்.

இனி மண். இரண்டடிக் குழி எதையும் நிரூபிக்காது. புதைத்த தாங்கியின் அடி சாதாரணமாக மூன்று மீற்றருக்குக் கீழே இருக்கும். ஒழுகும் எண்ணெய் மேலே வராது. கீழே இறங்கி, தண்ணீரை விடப் பாரம் குறைந்ததால் நிலத்தடி நீரின் மேல் மிதந்து, நீர் ஓடும் பக்கம் நகரும். உங்கள் பகுதியில் கிறவலுக்கும் உக்கிய கல்லுக்கும் கீழே கருங்கல். நிலத்தின் சரிவை மட்டும் பார்த்து எண்ணெய் போகும் திசையைச் சொல்ல முடியாது, பாறை வெடிப்பு வழியாகவும் போகும். அக்கம்பக்கத்தில் குறைந்தது மூன்று கிணறுகளின் நீர்மட்டத்தை ஒரே நாளில், இறைப்பு இல்லாத காலை நேரத்தில் அளவுங்கள். மேசன்மாரின் ரியூப் மட்டத்தால் (தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாய்) கிணற்றுக் கட்டுகளின் உயர வித்தியாசத்தையும் எடுத்தால், தண்ணீர் எந்தப் பக்கம் சாய்கிறது என்று கணக்கிடலாம்.

எவ்வளவு ஆழம் என்பதற்கு விடை உங்கள் கிணற்றுச் சுவரிலேயே இருக்கிறது. மார்கழியில் தண்ணீர் நின்ற கறைக்கோட்டுக்கும் ஆவணியில் வற்றி நிற்கும் மட்டத்துக்கும் இடைப்பட்ட மண்தான் உண்மை சொல்லும். மாரியில் நீர் ஏறும்போது எண்ணெயின் ஒரு பங்கு மண் துகள்களுக்கிடையில் அகப்பட்டு நீருக்குள் அமிழ்ந்துவிடும். கிணற்றில் மணம் குறையும், எல்லோரும் சரியாகிவிட்டது என்பார்கள். கோடையில் நீர் இறங்க அது திரும்ப மிதக்கும். உங்களுக்கு ஆடியில் மணத்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். தை மாதத்தில் எடுத்த ஒரேயொரு மாதிரி சுத்தம் என்று யாராவது கடதாசி நீட்டினால் ஏற்காதீர்கள். ஆவணியில் ஒன்று, மாரி முடிய ஒன்று, இரண்டும் வேண்டும்.

துளைக்கும் இடங்கள்: தாங்கியின் பக்கவாட்டில் அடிமட்டம் தாண்டி, பவுசர் இறக்கும் வாய்க்கருகில், குழாய் மூட்டுகளுக்குக் கீழே, பம்புகளுக்கு அடியில், செற்றுக்கும் உங்கள் கிணற்றுக்கும் நடுவில். தாங்கியை விடக் குழாய் மூட்டுகள் ஒழுகுவது சாதாரணம். அவதானிப்புக் குழாய் (நிலத்தடி நீரைப் பார்க்கத் துளைக்குள் விடும் குழாய்) இறக்கினால் அதன் துளையிட்ட பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீள வேண்டும். அடியில் மட்டும் துளையிருந்தால் மிதக்கும் எண்ணெய் உள்ளே வராது. காணியில் மிதிவெடி அகற்றிய விபரத்தைப் பிரதேச செயலகத்தில் உறுதிசெய்யாமல் துளைக்கத் தொடங்க வேண்டாம். தண்ணீர் மாதிரியைச் சோடாப் போத்தலில் கொண்டுபோனால் வீண். ஆய்வுகூடம் தரும் கண்ணாடிக் குப்பியில், காற்றுக் குமிழி இல்லாமல் நிரப்பி, ஐஸ் பெட்டியில் அனுப்ப வேண்டும். பென்சீன் வகைகளையும் மொத்த பெற்றோலிய ஐதரோகாபனையும் கேளுங்கள். வழமையான குடிநீர்ப் பரிசோதனையில் இவை வராது.

துளைப்பதைவிட மலிவான சான்று செற்றிலேயே உண்டு: தாங்கியில் மிச்சமுள்ள எண்ணெயை நாளாந்தம் கோல் விட்டு அளந்து, விற்பனையோடு ஒப்பிடும் கணக்குப் புத்தகம். ஆனால் கணக்குச் சரியென்பதால் ஒழுக்கில்லை என்று ஆகாது. அமெரிக்க விதியே மாத விற்பனையில் நூற்றுக்கு ஒன்றும் அதற்கு மேல் 130 கலனும் வித்தியாசம் வரலாம் என்கிறது. மாதம் ஒரு இலட்சம் லீற்றர் விற்கும் செற்றில் அது ஏறக்குறைய 1,490 லீற்றர்! நான் பார்க்கச் சொல்வது வேறொன்று. கோலில் தண்ணீர் காட்டும் பசை பூசி எடுத்த மாரிகால அளவுகளைப் பாருங்கள். கார்த்திகை, மார்கழியில் மட்டும் தாங்கியின் அடியில் தண்ணீர் ஏறியிருந்தால், வாய்மூடியால் மழைநீர் இறங்கியிருக்க வேண்டும், இல்லையேல் தாங்கியில் ஓட்டை. எதுவென்று அழுத்தப் பரிசோதனை சொல்லிவிடும்.

இதையெல்லாம் உங்கள் செலவில் செய்ய வேண்டியதில்லை. செற்றுக்குச் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் வேண்டும். ஆகவே மத்திய சுற்றாடல் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிட்டு, தாங்கி, குழாய் அழுத்தப் பரிசோதனையைக் கேளுங்கள். பிரதி ஒன்று பிரதேச சபைக்கும் இன்னொன்று சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் போகட்டும். சுன்னாகத்தில் அனல் மின் நிலையக் கழிவெண்ணெயால் கிணறுகள் கெட்ட வழக்கில், 2019இல் உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட உத்தரவிட்டது. மாசாக்கியவரே செலவை ஏற்க வேண்டும் என்பதே அடிப்படை. மணம் தொடங்கிய நாள், நீர்மட்டம், பவுசர் வந்த நாட்கள் எல்லாவற்றையும் ஒரு கொப்பியில் திகதி போட்டு எழுதி, முறைப்பாட்டோடு அதன் பிரதியையும் இணையுங்கள்.