கொறடா கொஞ்சம் ஒதுங்கட்டும்

கேள்வி (வாசகி, திருத்துறைப்பூண்டி): என் அண்ணன் ஒரு கட்சியில் கிளைச் செயலாளர். கொழுந்தன் எதிர்க்கட்சிக்காரர். என் மகள் கல்யாணத்துக்கு எந்த மாவட்டச் செயலாளரைத் தலைமை தாங்க அழைப்பது என்று ஆரம்பித்த சண்டையில் இருவருமே மண்டபத்துக்கு வரவில்லை. கட்சிகளைத் திருத்தினால் இந்தப் பகை குறையுமா? இல்லை, மனிதர்களைத்தான் திருத்த வேண்டுமா?

பதில்: மனிதர்களைத் திருத்துவது நம் கையில் இல்லை அம்மா. கட்சியைத் திருத்த முடியும். எங்கே தொடங்குவது என்று கேட்டால் கொறடா உத்தரவில், அதாவது அவையில் எப்படி வாக்களிக்க வேண்டும் என்று கட்சி தன் உறுப்பினர்களுக்குப் போடும் உத்தரவில், தொடங்குங்கள் என்பேன்.

நிருபராக இருந்த காலத்தில் சட்டமன்றத்தில் உட்கார்ந்து, துறைகளின் செலவுக்கு அவையிடம் பணம் கேட்கும் மானியக் கோரிக்கை விவாதங்களைக் குறிப்பெடுத்திருக்கிறேன். அதில் ஒன்று மறக்கவில்லை. டெல்டாவைச் சேர்ந்த எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் எழுந்து, கடைமடைக்குத் தண்ணீர் வரவில்லை, வாய்க்கால் தூர் வாரியதாகக் கணக்கு மட்டும் இருக்கிறது என்றார். அவருக்குப் பக்கத்துத் தொகுதி ஆளுங்கட்சி உறுப்பினருடையது. இரண்டு தொகுதிக்கும் ஒரே வாய்க்கால்தான். ஆனால் அந்த ஆளுங்கட்சிக்காரர் வாயே திறக்கவில்லை. அமைச்சர் பதில் சொல்லி முடித்ததும் மேசையைத் தட்டினார். தேநீர் இடைவேளையில் பார்த்தால் இருவரும் ஓர் ஓரமாக நின்று அதே வாய்க்காலைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தார்கள். எந்த மதகு பழுது, எந்தப் பொறியாளரைப் பிடித்தால் வேலை நடக்கும் என்பது வரை இருவருக்கும் ஒரே கருத்து. மணி அடித்தது. உள்ளே போனார்கள். குரல் வாக்கெடுப்பில் ஒருவர் "ஆம்" என்றார், மற்றவர் "இல்லை" என்றார்.

அந்த ஒற்றுமை அவைக்குள் வர ஏன் பயப்படுகிறது? 1985இல் வந்த 52ஆவது அரசியல் சட்டத் திருத்தம், அதாவது கட்சித் தாவல் தடைச் சட்டம், ஒரு காரணம். கட்சியின் உத்தரவை மீறி வாக்களித்தாலும், வாக்களிக்காமல் ஒதுங்கினாலும் உறுப்பினர் பதவி பறிபோகலாம். ஆட்சியைக் காப்பாற்றும் வாக்கெடுப்புக்கும் பல்கலைக்கழக மசோதாவின் ஒரு பிரிவுக்கும் சட்டம் வித்தியாசம் பார்ப்பதில்லை. எதிர் வரிசையில் இருப்பவர் சொல்வது சரி என்று ஒப்புக்கொள்ள வழியில்லாதவருக்கு மிஞ்சுவது இரண்டே வேலை: தன் தலைவரைப் புகழ்வது, அடுத்தவர் தலைவரை இகழ்வது. அதைத்தான் தொலைக்காட்சியில் உங்கள் அண்ணனும் கொழுந்தனும் பார்க்கிறார்கள். தலைவர்களே ஒரு வாய்க்காலுக்காகக்கூட ஒத்துப்போகாதபோது கல்யாண மண்டபத்தில் தாங்கள் ஒத்துப்போவது துரோகம் என்று அவர்கள் நினைப்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. வருத்தம்தான் உண்டு.

இதை மாற்ற நாடாளுமன்றம் சட்டம் திருத்தும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. உத்தரவு போட்டால்தானே மீறல்? நம்பிக்கை வாக்கெடுப்பு, நிதிநிலை அறிக்கை தவிர மற்றவற்றுக்குக் கொறடா உத்தரவு கிடையாது என்று ஒரு கட்சி தன் பொதுக்குழுவில் தீர்மானம் போடலாம். யாரும் தடுக்க முடியாது. உத்தரவை மீறியவரைக்கூட 15 நாட்களுக்குள் கட்சி மன்னித்துவிட்டால் பதவி தப்பும் என்று அதே சட்டம் சொல்கிறது. வாசல் திறந்தே இருக்கிறது. எந்தக் கட்சியும் அதில் நுழைய முன்வருவதில்லை.

கேள்வி (வாசகர், ஈரோடு): கொறடாவைத் தளர்த்தினால் உறுப்பினர்கள் விலை போய்விட மாட்டார்களா? குதிரை பேரத்தைத் தடுக்கத்தானே அந்தச் சட்டம் வந்தது?

பதில்: நியாயமான பயம். 1967இல் ஹரியானாவில் கயா லால் என்ற உறுப்பினர் இரண்டு வாரத்துக்குள் மூன்று முறை கட்சி மாறினார். 'ஆயா ராம், கயா ராம்' (ராம் வந்தார், ராம் போனார்) என்ற பேச்சு அங்கிருந்துதான் பிறந்தது. ஆனால் அந்தப் பேரங்கள் நடந்தது ஆட்சியைக் கவிழ்க்கவும் அமைக்கவும். அந்த வாக்கெடுப்புகளில் கொறடா இருக்கட்டும் என்றுதான் நானும் சொல்கிறேன். 1990இல் தேர்தல் சீர்திருத்தம் பற்றி ஆராய்ந்த தினேஷ் கோஸ்வாமி குழுவும் தகுதி நீக்கத்தை நம்பிக்கை வாக்கெடுப்பு போன்றவற்றோடு நிறுத்திக்கொள்ளச் சொன்னது. பரிந்துரை இன்றுவரை பரிந்துரையாகவே கிடக்கிறது.

பிரிட்டனில் 2003 மார்ச்சில் ஈராக் போருக்கு எதிராக ஆளும் தொழிற்கட்சியின் 139 உறுப்பினர்கள் தங்கள் பிரதமரை மீறி வாக்களித்தார்கள். அதற்காக ஒருவர் இடமும் காலியாகவில்லை. அரசும் கவிழவில்லை.

கேள்வி (வாசகர், விருதுநகர்): நான் சாதாரண உறுப்பினர், அட்டை மட்டும் வைத்திருக்கிறேன். என்னால் என்ன செய்ய முடியும்?

பதில்: தம்பி, உங்கள் அட்டைக்கு ஒரு வாக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள். அண்ணா தி.மு.க.வில் பொதுச்செயலாளரை அடிப்படை உறுப்பினர்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று எம்.ஜி.ஆர். விதி வைத்தார். 2022இல், போட்டியிட 10 மாவட்டச் செயலாளர்கள் முன்மொழிய வேண்டும், 10 பேர் வழிமொழிய வேண்டும் என்று பொதுக்குழு நிபந்தனை சேர்த்தது. அடுத்த ஆண்டு போட்டியில்லாமல் தேர்வு முடிந்தது. தி.மு.க.வில் கலைஞர் 1969 முதல் 2018இல் மறையும்வரை தலைவர். அவருக்குப் பின் வந்த தேர்வும் போட்டியின்றியே நடந்தது. இரு கட்சிகளிலும் தொண்டர் கையில் வாக்குச்சீட்டு வந்து சேரவில்லை. ஜெர்மனியில் கட்சிகளின் உள்ளமைப்பு ஜனநாயக முறைப்படி இருக்க வேண்டும் என்று அடிப்படைச் சட்டத்தின் 21ஆவது பிரிவே கட்டளையிடுகிறது. நம் அரசியல் சட்டத்தில் அப்படி ஒரு வரி இல்லை.

சட்டமன்ற வேட்பாளரும் அப்படித்தான். பணம் கட்டி விருப்ப மனு கொடுத்து, நேர்காணலுக்குப் போய், பட்டியலுக்காகத் தலைமைக் கழக வாசலில் காத்திருக்க வேண்டும். மேலிருந்து வந்தவர் மேலேதான் பார்ப்பார். தொகுதியின் ஒன்றிய, கிளை நிர்வாகிகள் ரகசிய வாக்கெடுப்பில் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்தால், அவர் டீக்கடையில் எதிர்க்கட்சிக்காரரோடு உட்கார்ந்து பேசப் பயப்பட மாட்டார். ஊரில் வாழ்ந்தாக வேண்டுமே!

உங்கள் ஊராட்சித் தலைவர் தேர்தலை நினைத்துப் பாருங்கள். சட்டப்படி அங்கே கட்சிச் சின்னம் கிடையாது. திரைக்குப் பின்னால் கட்சிகள் வேலை செய்வது எனக்கும் தெரியும். ஆனாலும் எதிர்க்கட்சிக்காரர் என்று தெரிந்தே, குழாயில் தண்ணீர் வர வைத்தவர் என்பதற்காக அவருக்கு வாக்களிக்கும் குடும்பங்கள் ஊருக்கு ஊர் உண்டு. அதே குடும்பங்கள் சட்டமன்றத் தேர்தலில் மறுபடி இரண்டு முகாமாகிவிடுகின்றன.

அடுத்த உட்கட்சித் தேர்தலில் உங்கள் கிளைக்கு ஒருமனதாகத் தேர்வு என்று எழுதிக் கையெழுத்து வாங்க வருவார்கள். போடாதீர்கள். வாக்கெடுப்பு கேளுங்கள். உங்களோடு இன்னும் இரண்டு பேரையாவது கூட்டிக்கொண்டு போங்கள், தனியாகக் கேட்டால் ஓரங்கட்டிவிடுவார்கள்.